செங்கல் போய் ‘போர்டு’ வந்தாச்சு... திண்டுக்கல்லில் பரவும் ஜிப்சம் சுவர்! லாபம் யாருக்கு? ஆபத்து எங்கே?

திண்டுக்கல்:

திண்டுக்கல் நகரில் புதுசா திறக்கிற கடை, கிளினிக், டியூஷன் சென்டர் எதுவாக இருந்தாலும் சரி. உள்ளே நுழைஞ்சு தடுப்புச் சுவரை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ‘டொக்... டொக்’ என்று கூடு மாதிரி சத்தம் வந்தால் அது செங்கல் சுவர் அல்ல. இரும்புத் தகடு சட்டத்தில் ஸ்குரூ போட்டு முடுக்கிய ஜிப்சம் போர்டு. மேலே அண்ணாந்து பார்த்தால் அங்கேயும் அதே போர்டுதான். ‘பால்ஸ் சீலிங்’ என்ற பெயரில் லைட்டும் டிசைனுமாக ஜொலிக்கும்.

ஒரு காலத்தில் பெரிய ஓட்டல், பேங்க், சினிமா தியேட்டர் என்று இருந்த இந்த சமாச்சாரம் இன்று பழனி ரோடு, திருச்சி ரோடு கடைகளைத் தாண்டி சாதாரண மாடி வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வீடு கட்டுகிறவர் எஸ்டிமேட் போடும்போது ‘ஹால்ல சீலிங் உண்டா, இல்லையா?’ என்பதும் ஒரு கேள்வி ஆகிவிட்டது. கொத்தனார் கரண்டி சத்தம் கேட்ட இடத்தில் டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்கிறது.

இது நல்லதா, கெட்டதா? யாருக்கு வேலை போகிறது, யாருக்கு வேலை வருகிறது? தீப்பிடித்தால் என்ன ஆகும்? போர்டு வாங்குகிறவரும் அதை மாட்டுகிறவரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

கடலைக்கு போடுற அதே ஜிப்சம்

ஜிப்சம் என்றால் ஏதோ வெளிநாட்டு சரக்கு என்று நினைக்க வேண்டாம். வேடசந்தூர், வடமதுரை பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போடுகிற விவசாயியைக் கேட்டால் சொல்வார். விதைச்சு 40, 45 நாளில் மண் அணைக்கும்போது போடுகிறார்களே, அதே ஜிப்சம்தான். கை, கால் உடைஞ்சா ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டும் இதே கல்லில் இருந்து வருவதுதான். சிமெண்ட் ஆலைகளிலும் சிமெண்ட் உடனே இறுகிவிடாமல் இருக்க இதைக் கொஞ்சம் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள்.

நம் நாட்டில் வெட்டி எடுக்கும் ஜிப்சத்தில் பெரும்பகுதி ராஜஸ்தானில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் உண்டு. தூத்துக்குடி போன்ற ஊர்களில் உர ஆலைக் கழிவாகவும் ஜிப்சம் வருகிறது.

இந்தக் கல்லை பொடி பண்ணி 150 டிகிரி அளவுக்கு சூடாக்கினால் அதற்குள் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் நிற்கும் மாவில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் சில நிமிடத்தில் கல்லாக இறுகும். அந்தக் குழம்பை இரண்டு கனமான காகிதத்துக்கு நடுவே ஊற்றி, பலகையாக்கி, காய வைத்து வெட்டினால் போர்டு ரெடி.

1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் இதற்கு முதலில் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே கூலி ஆள் கிடைக்காத நிலையில்தான் இது வேகமாகப் பரவியது. இந்தியாவில் 1980-களில் ஆலை வந்தது. 2005-ல் பிரான்ஸ் நாட்டின் செயின்ட் கோபைன் கம்பெனி, இந்தத் தொழிலில் உலக அளவில் பெரிய ஆளாக இருந்த பிரிட்டன் கம்பெனியை வாங்கியது. ‘ஜிப்ராக்’ என்ற அவர்கள் பிராண்ட் பெயரே இன்று பல ஊர்களில் சரக்கின் பெயராகவே ஆகிவிட்டது. ஜெராக்ஸ் மாதிரி!

ஏன் இந்த மவுசு?

முதல் காரணம் எடை. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் கட்டி இரண்டு பக்கமும் பூசினால் சதுர அடிக்கு சுமார் 25 கிலோ வரும். சட்டம் அடித்து இரண்டு பக்கமும் போர்டு மாட்டினால் சதுர அடிக்கு இரண்டு, இரண்டரை கிலோதான். பத்தில் ஒரு பங்கு!

இதன் அருமை மாடி வீட்டுக்காரருக்குத் தெரியும். கீழே பீம் இல்லாத இடத்தில், ‘ஒரு ரூம் தடுத்துக்கலாம்’ என்று மாடியில் செங்கல் சுவர் எழுப்புகிறார்கள். பத்துக்கு பத்து அடி சுவர் என்றால் இரண்டரை டன் பாரம் தளத்தின் மீது உட்காரும். தளம் கீறல் விடும், தொங்கும். அங்கே போர்டு சுவர் என்றால் கால் டன்தான்.

இரண்டாவது நேரம். செங்கல் சுவர் கட்டி, ஒரு வாரம் தண்ணி ஊற்றி, பூசி, மறுபடி நனைச்சு, காய்ஞ்ச பிறகு பெயிண்ட் என்று நாள் போகும். போர்டு சுவரை இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். அட்வான்சும் வாடகையும் கொடுத்துவிட்டு கடை திறக்கக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் பணம்.

மூன்றாவது மணலும் தண்ணீரும். ஆற்று மணல் குதிரைக்கொம்பு ஆகி வருஷக்கணக்காகிறது. எம்.சாண்டை நம்பித்தான் வேலை ஓடுகிறது. 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து குவாரி, கிரஷர்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது கட்டிட வேலைகள் படுத்துவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் ஜல்லியும் மணலும் கூலியும் குறையவில்லையே என்பது வீடு கட்டுகிறவர்களின் புலம்பல்.

தண்ணீர் கதை திண்டுக்கல்லுக்கு புதுசு இல்லை. ஆத்தூர் காமராஜர் அணை வத்தினால் நகரில் குழாய் வத்தும். குடிக்கவே லாரி தண்ணி வாங்குகிற கோடையில், சுவர் நனைக்க காசு கொடுத்து தண்ணீர் வாங்குவது யாருக்கும் வலிக்கும். போர்டு வேலைக்கு நனைப்பு கிடையாது. ஜாயிண்ட் பவுடர் குழைக்க ஒரு வாளி போதும்.

வெயில் குறையுமா?

‘சீலிங் போட்டா ரூம் ஜில்லுனு ஆயிடும்’ என்பது விற்கிறவர் வாக்கு. பாதி உண்மை. சித்திரை வெயிலில் காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க கீழே கக்கும். நடுவில் ஒரு போர்டும் காற்று இடைவெளியும் வந்தால் அந்த அனல் நேராக மேலே இறங்காது. ஆனால் போர்டு மட்டும் பெரிய அதிசயம் செய்யாது. மேலே கிளாஸ்வூல் மெத்தை விரித்தால்தான் நன்றாகத் தெரியும். மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் பெயிண்டோ, பழைய முறைப்படி தட்டோடோ போட்டால் சூடு மேலேயே தடுக்கப்படும். செலவும் குறைவு.

இன்னொரு விஷயம் உயரம். சீலிங் போட்டால் முக்கால் அடியாவது இறங்கும். பத்து அடி ரூமுக்கு பரவாயில்லை. ஒன்பது அடி ரூமில் போட்டால் பேன் தலைக்கு மேல் சுற்றும். அந்த பேனையும் தளத்துக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். போர்டிலோ, தகடு சட்டத்திலோ தொங்கவிட்டால் ஒருநாள் மொத்தமாக வந்து விழும்.

முதல் எதிரி தண்ணீர்

ஜிப்சம் போர்டுக்கு சாவு தண்ணீரில்தான். நனைந்தால் காகிதம் உரியும், உள்ளே மாவு ஊறும், தொப்பை விழும், இடிந்து விழும். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. தளத்தில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் போதும். சீலிங்கில் காப்பிக்கறை மாதிரி வட்டம் விழும்.

கறை தெரிந்தால்கூட தப்பித்தோம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. பழைய வீட்டில் தளம் பேந்து கம்பி துருப்பிடித்துக் கிடக்கும். ‘அசிங்கமா இருக்கு’ என்று அதை சீலிங் போட்டு மறைத்துவிடுவார்கள். மேலே கம்பி அரிச்சு சிமெண்ட் பேந்து விழும்போதுதான் தெரியும். புண்ணுக்கு மருந்து போடாமல் மேலே பட்டுத்துணி போர்த்திய கதை. ஒழுகலை அடைச்சு, கம்பியை சுத்தம் பண்ணி பூசிய பிறகே சீலிங் பற்றி பேச வேண்டும்.

ஏ.சி. தண்ணீர் குழாய் இன்னொரு வில்லன். சீலிங்குக்குள் ஓட்டிய குழாயில் வாட்டம் சரியில்லை என்றால் சொட்டு சொட்டாக போர்டில் இறங்கும்.

குளியலறை, சமையலறை தொட்டி பக்கம் சாதாரண போர்டு வேண்டாம். ஈரத்தைத் தாங்கும் பச்சை நிற போர்டு தனியாக இருக்கிறது. அதுவும் ஈரக்காற்றைத் தாங்குமே தவிர, நேரடியாக தண்ணீர் ஊற்றினால் தாங்காது. அந்த இடத்துக்கு சிமெண்ட் பைபர் போர்டு நல்லது. வெளிச்சுவருக்கு ஜிப்சம் போர்டு கூடவே கூடாது. செம்மண் பூமியில் கரையானுக்கும் போர்டு மேல் உள்ள காகிதம் நல்ல சாப்பாடு. தரையை ஒட்டி மாட்டாமல் அரை இஞ்ச் தூக்கி மாட்டுவது அதனால்தான்.

பூட்டு மட்டும் இருந்தா போதுமா?

பூட்டுக்கு பேர் போன ஊர் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கதவில் எவ்வளவு பெரிய மாங்காய் பூட்டு தொங்கினால் என்ன? பக்கத்துக் கடைக்கும் இந்தக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒத்தை போர்டு என்றால், அதை அறுக்க ஒரு கத்தி பிளேடு போதும்.

காம்ப்ளக்ஸ் கட்டிடங்களில் பெரிய கடையை இரண்டாக, மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். துணிக்கடை, பேன்சி ஸ்டோர் என்றால் சரி. நகை அடகுக்கடை, செல்போன் கடை வைக்கிறவர் நடுச்சுவர் எதுவென்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கூரையையும் பார்க்க வேண்டும். தடுப்பு சீலிங் வரைக்கும்தான் போகிறதா, அதைத் தாண்டி தளம் வரைக்கும் போகிறதா? சீலிங்கோடு நின்றால் மேல்வழியாக ஆளே இறங்கலாம். நெருப்பும் அதே வழியில்தான் அடுத்த கடைக்குப் போகும்.

புகைதான் எமன்

2024 டிசம்பர் 12-ந் தேதி ராத்திரியை திண்டுக்கல் மறக்காது. திருச்சி ரோட்டில் தனியார் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் தீப்பிடித்ததில் ஒரு குழந்தை உட்பட குறைந்தது 6 பேர் பரிதாபமாக இறந்தனர். லிப்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்களை மீட்டார்கள். மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதல்கட்டமாக கூறப்பட்டது. உடம்பில் நெருப்பு படாமலே, புகையில் மூச்சு திணறி உயிர் போகும் என்பதை அந்த ராத்திரி ஊருக்கே காட்டியது.

அது சீலிங்கால் வந்த விபத்து என்பதற்காக இங்கே சொல்லவில்லை. கட்டிடத்துக்குள் எரியக்கூடிய பொருள் எவ்வளவு, அது எந்த அளவு புகை விடும், ஆள் வெளியேற எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதுதான் உயிர்க்கணக்கு என்பதற்காக. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் 50-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கெல்லாம் தலைக்கு மேல் இருந்தது கீற்று. இன்று கீற்று போய்விட்டது. அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

உண்மையான ஜிப்சம் போர்டு என்றால் இதில் பயம் குறைவு. ஜிப்சம் கல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஆறுக்கு நாலு அடி போர்டு ஒன்றுக்குள் மூணு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கல்லாகக் கட்டுண்டு கிடக்கிறது. நெருப்பு பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை சூடு பின்பக்கம் ஏறாது. சாதாரண போர்டு சுவரே ஒழுங்காக அமைத்தால் அரை மணி நேரம் தாங்கும். தீ தாங்கும் இளஞ்சிவப்பு போர்டை கனமாக, அடுக்காக போட்டால் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் தாங்கும். ஆள் வெளியேற அந்த நேரம் போதும்.

பிரச்சினை என்னவென்றால், ‘பால்ஸ் சீலிங்’ என்ற ஒரே பெயரில் பல சரக்கு விற்கிறது. பி.வி.சி. பேனல் இருக்கிறது. தெர்மாகோல் ஷீட் இருக்கிறது. பிளைவுட்டில் மைக்கா ஒட்டியதும் இருக்கிறது. சூடு பட்டால் பி.வி.சி. நஞ்சுப்புகை விடும். தெர்மாகோல் உருகி எரியும் சொட்டாக விழும். விலை கொஞ்சம் குறைவு, வேலை சீக்கிரம், தண்ணிக்கு பயமில்லை என்று இவற்றைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் போட்டால் அவரவர் பாடு. நூறு பேர் வந்து போகிற இடத்தில் போட்டால் அது ஊர்ப் பிரச்சினை.

2016-ம் ஆண்டு தேசிய கட்டிட விதித்தொகுப்பு, உள் அலங்காரப் பொருட்களை தீ பரவும் வேகத்தை வைத்து வகுப்பு வாரியாகப் பிரித்து, வெளியேறும் பாதையில் எதைப் போடலாம், போடக்கூடாது என்று சொல்கிறது. ஆனால் பிளான் அப்ரூவல் வாங்கி கட்டிடம் எழும்பிய பிறகுதான் சீலிங் வேலை நடக்கிறது. வாடகைக்கு வருகிறவர் மாறும்போதெல்லாம் உள்ளே அலங்காரமும் மாறுகிறது. வெளியே அளந்தவர் உள்ளே வந்து எத்தனை முறை பார்ப்பார்?

சீலிங்குக்கு மேலே ஓடும் ஒயர்தான் இதில் முக்கியம். பைப்புக்குள் போடாமல், டேப் சுற்றி, குப்பை மாதிரி போர்டு மேல் போட்டு வைக்கிறார்கள். எலி கடித்தால், ஜாயிண்ட் சூடானால் கீழே இருப்பவருக்கு தெரியாது. புகை வெளியே வரும்போது உள்ளே பாதி எரிந்திருக்கும். போர்டு மாட்டும் முன்னால் ஒயரிங்கை ஒரு தடவை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது.

கொத்தனார் கை, போர்டுக்காரர் கை

இனி வேலை விஷயம். செங்கல் சுவர் என்றால் கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று ஒரு கூட்டமே சாப்பிடும். கல் சுமக்கிற, கலவை சுமக்கிற பெண்கள் அதில் அதிகம். போர்டு வேலையில் சித்தாளுக்கு இடமே இல்லை. இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு ஸ்குரூ மிஷின், ஒரு ஏணி. அவ்வளவுதான். வட மாநிலப் பையன்கள் இந்த வேலையில் நிறைய. உள்ளூர்ப் பசங்களும் ஹெல்பராகப் போய் ஓரிரு வருஷத்தில் தனியாக காண்டிராக்ட் எடுக்கிறார்கள்.

அதற்காக கொத்தனார் வேலை போய்விட்டது என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. அஸ்திவாரம், வெளிச்சுவர், தளம், பாத்ரூம் எல்லாம் அவர் கையில்தான். போவது உள்சுவரும் சீலிங் பூச்சும். பூச்சு வேலையில் கை பழகியவருக்கு போர்டு ஜாயிண்ட் பட்டி பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரண்டு வேலைக்கும் பொதுதான்.

திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. கையால் செய்த நம்ம ஊர் பூட்டுக்கு உறுதியில் ஈடில்லை. ஆனாலும் அலிகாரில் இருந்து மிஷின் பூட்டு மலிவாக வந்து இறங்கியபோது பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. புவிசார் குறியீடு வந்தபோது அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. புது வேலை ஊருக்குள் வரும்போதே கற்றுக்கொள்வது பிழைக்கிற வழி.

போர்டு மாட்டுகிறவர்கள் பாடும் சுகம் இல்லை. நாள் முழுக்க அண்ணாந்து வேலை. கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். பட்டி தேய்க்கும்போது மாவுத்தூசி மூக்கில் ஏறும். முகமூடி போடுகிறவர் குறைவு. ஆட்டம் காணும் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி நிற்பதும், ஒயரில் கை படுவதும் அன்றாடம்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல் இருந்து இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர் சேரலாம். விபத்து, மரணம், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. ஆனால் சீலிங் வேலை செய்கிற பல பையன்கள், ‘அது கொத்தனாருக்குத்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்து இடுப்பு உடைந்த பிறகு கார்டு எடுக்க முடியாது.

வாங்குறதுக்கு முன்னாடி...

* போர்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ்.2095 என்ற எண் இருக்கிறதா பார்க்கவும். சீலிங்குக்கு பொதுவாகப் போடுவது பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனம்.

* ஏமாற்று வேலை போர்டில் குறைவு, தகட்டில்தான் அதிகம். சீலிங் சட்டங்களுக்கு இடையே ஒன்றரை அடிதான் இருக்க வேண்டும். இரண்டு, இரண்டரை அடி விட்டால் கொஞ்ச நாளில் போர்டு தொங்கும். சுவரில் நிற்கும் தகடுக்கு இரண்டு அடி. சுமார் ஒன்பது இஞ்சுக்கு ஒரு ஸ்குரூ.

* பத்துக்கு பன்னிரண்டு ரூம் என்றால் 120 சதுர அடி. ஆறுக்கு நாலு போர்டு ஐந்து வேண்டும், வெட்டுச்சேதம் தனி. பார்டர், லைட் பள்ளம் வைத்தால் அதை சதுர அடியில் சேர்ப்பதா, ஓடும் அடியில் தனிக்கணக்கா என்பதை முதலிலேயே எழுதி வாங்கவும். கடைசியில் சண்டை வருவது இங்கேதான்.

* டி.வி., அலமாரி, வாஷ்பேசின் வரும் இடத்தில் உள்ளே பிளைவுட்டோ, கூடுதல் தகடோ வைக்கச் சொல்லவும். வெறும் போர்டில் ஆணி நிற்காது.

* கிளினிக், டியூஷன் சென்டர், மண்டபம் நடத்துகிறவர்கள் பி.வி.சி., தெர்மாகோல் சீலிங்கை தவிர்ப்பதே உத்தமம். மாடிப்படி, வராண்டா பக்கம் அறவே கூடாது.

யார் செய்ய வேண்டியது?

தடுத்துக் கட்ட தட்டி, மறைச்சுக் கட்ட கீற்று என்று இருந்த ஊர்தான் இது. அந்த இடத்துக்கு எரியாத, எடையில்லாத, தண்ணீர் செலவில்லாத ஒரு பலகை வந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருமில்லை. 2013-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பேனலிலேயே இரண்டு மாடி வீடு கட்டிக் காட்டினார்கள். சரக்கில் குறை இல்லை. போலியாக அதன் பெயரில் வேறொன்றை மாட்டுவதிலும், ஒழுகலையும் ஒயரையும் அதற்குள் ஒளித்து வைப்பதிலும்தான் வினை.

மக்கள் கூடும் கட்டிடங்களில் சீலிங் என்ன பொருள் என்பதையும் தீயணைப்புத் துறை ஆய்வில் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீலிங் தொழிலாளர்களை நலவாரியத்தில் சேர்க்க தொழிலாளர் துறை முகாம் போட வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாள் வேலை பார்க்கும் பெண்களுக்கும் போர்டு வேலை, பட்டி வேலை பயிற்சியை அரசு ஐ.டி.ஐ.க்களில் மாலை நேரத்தில் கொடுக்கலாம்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியோ, டியூஷனோ, பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே போனதும் சீலிங் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், வெளியே போகும் வழி எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து வைப்பது நல்லது.